ஓட ஓடக் குறைந்த காடு

"மலைக்காட்டுல எனக்கும் பங்கு வேணும்."

முத்துப்பிரியா இதைச் சொன்னபோது காலை ஏழரை மணி. அப்பா தவசியின் வாயில் பாதி இட்லி இருந்தது. அண்ணன் விஜயபாண்டி சட்னிக் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தான். அடுப்படியில் அம்மாவின் கையிலிருந்த கரண்டி விழுந்து, உருண்டு, கதவிடுக்கில் போய் நின்றது. எடுக்க யாரும் எழுந்திருக்கவில்லை.

அவள் வயசுக்கு வந்த வருஷமே அம்மா உட்கார வைத்துச் சொல்லியிருந்தாள். "எத வேணா கேளு ஆத்தா. கொலுசு கேளு, செல்லு கேளு, வெளியூரு காலேசு கேளு. சண்டை போட்டு வாங்கித் தர்றேன். பொறந்த வீட்டுல பங்கு மட்டும் கேட்டுறாத."

மற்றதெல்லாம் பிரியா கேட்டு வாங்கினாள். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். இயற்பியல் படித்துவிட்டு, போடியில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு விசையும் இயக்கமும் சொல்லிக் கொடுக்கிறாள். இப்போது கோடை விடுமுறை. கேட்காமல் விட்டிருந்தது அந்த ஒன்றைத்தான்.

கேட்கக் காரணம் இருந்தது. விஜயபாண்டிக்கு ராசிங்காபுரத்தில் பெண் பேசியிருந்தார்கள். ஏலமும் காப்பியும் விளைகிற அந்த மலைக்காடு மாப்பிள்ளை பேருக்கு வந்தால்தான் தேதி குறிப்போம் என்றார்கள் பெண் வீட்டார். ஆவணியில் எழுதிவிடலாம் என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். வீட்டில் இன்னொரு பிள்ளை இருப்பது அந்தப் பேச்சில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அப்பா இட்லியை விழுங்கினார். தண்ணீர் குடித்தார்.

"காடு கேக்குறாளாம் காடு. ஏண்டி, அது எங்க இருக்குன்னாவது தெரியுமா ஒனக்கு?"

"குரங்கணிக்கு மேல."

"வானமுந்தான் குரங்கணிக்கு மேல இருக்கு."

விஜயபாண்டிக்குச் சிரிப்பில் புரையேறியது.

"சர்வே நம்பரச் சொல்லுப்பா. பட்டாவ நானே கம்ப்யூட்டர்ல எடுத்துப் பாத்துக்கிறேன்."

"அந்த நம்பரு காட்டுல கெடக்கு. போயி எடுத்துக்க" என்றவர், திடீரென்று கையைக் கழுவிவிட்டு எழுந்தார். நல்ல யோசனை ஒன்று வந்துவிட்டால் அவருக்கு உட்கார்ந்திருக்க முடியாது. "சரி, இப்படிச் செய்வோம். என் காட்டோட எல்லையச் சுத்தி ஒரே ஒரு தடவ வா. ஒரு அடி பிசகாம வந்துட்டீன்னா ஓம் பங்க நானே தர்றேன். ஆனா ஒத்தையில போகணும். போனு கூடாது. அதுல எதையாச்சும் தட்டுனா அது பாட்டுக்கு வழி சொல்லிரும்."

"தர்றேன்னு சொன்னது சொன்னதுதான?"

"தவசி சொன்னா சொன்னதுதான்."

போன் பீரோவுக்குள் போனது. சாவி அப்பாவின் இடுப்புக்குப் போனது. அவளுடைய இடது மணிக்கட்டைப் பார்த்தார். மணி பார்க்கிற சாமான்தானே என்று விட்டுவிட்டார். அவர் கோட்டை விட்டது அங்கேதான்.

பிரியா தினமும் விடிகாலையில் ஓடுகிறவள். உடம்பு இளைக்க அல்ல. ஓடுகிற நாற்பது நிமிடம்தான் போடியில் அவளை யாரும் எதுவும் கேட்காத நேரம். கையில் போன் இருந்தால் அந்த நாற்பது நிமிடத்துக்குள்ளும் யாராவது வந்துவிடுவார்கள் என்றுதான் இந்த வாட்சை வாங்கினாள். பச்சைப் பொத்தானை அமுக்கினால் அதுவே வானத்துச் செயற்கைக்கோளைப் பிடித்து, போகிற தடத்தையெல்லாம் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். திரும்பி வந்து போனுக்குப் பக்கத்தில் நின்றால், ஓட்டச் செயலியில் தடம் முழுக்க ஒரு கோடாக வரைபடத்தின் மேல் இறங்கும். போன் கூடவே வர வேண்டியதில்லை.

"ஜீப்புல கம்பியப் புடிச்சு உக்காரு ஆத்தா" என்று மட்டும் சொன்னாள் அம்மா.

அம்மாவின் பெயர் மகாராணி. அது ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். அப்பாவுக்கு அவள் 'இந்தா'. தெருவுக்கு 'விஜயபாண்டி அம்மா'. பிறந்தது குரங்கணியில். கல்யாணமாகிக் கீழே இறங்கியவள் இருபத்தேழு வருஷமாக மறுபடி ஏறவில்லை. வளைவு ரோட்டில் அவளுக்கு வாந்தி வரும் என்பது அப்பாவின் விளக்கம். அம்மா அதை மறுத்ததும் இல்லை, ஒருதடவைகூட வாந்தி எடுத்ததும் இல்லை.

திங்கட்கிழமை மொக்கச்சாமி அண்ணனின் ஜீப்பில் ஏறினாள். தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் பதினான்கு பேரும் இரண்டு மூட்டை உரமும் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். வாசலைத் தாண்டினால் பச்சைப் பொத்தானை அமுக்குவது அவள் கைக்குப் பழக்கம். கை அமுக்கிவிட்டது. அவள் கவனிக்கவில்லை. மேலே ஜீப் இறக்கிவிட்ட இடத்திலிருந்து குத்துமதிப்பாக ஒரு சுற்று ஓடினாள்.

சாயங்காலம், சாமி நகையை எடுப்பதுபோல அப்பா பீரோவைத் திறந்து போனை இரண்டு விரலால் எடுத்து மேசைமேல் வைத்தார். வாட்சு வயிற்றில் இருந்ததையெல்லாம் கக்கியது. முதலில் ஒரு கோப்பைப் படம் வந்தது. 'வாழ்த்துகள்! உங்கள் வாழ்நாளின் மிக வேகமான ஐந்து கிலோமீட்டர்!'

"மொக்கச்சாமி ஓட்டுனதுக்கு ஒனக்குக் கப்பு குடுக்குறாக" என்றான் விஜயபாண்டி.

வரைபடத்தில் போடியில் வீட்டு வாசலிலிருந்து ஒரு கோடு கிளம்பி, மலையேறி, மேலே ஒரு பெரிய சுற்றுச் சுற்றியிருந்தது.

"காட்டுக்கு வாலு மொளச்சிருக்கு. ரோட்டையும் சேத்துப் பங்கு கேக்குறியோ?" என்றார் அப்பா.

"வால விடுப்பா. மேல சுத்துனது சரியா?"

அப்பா கண்ணாடியைப் போட்டார். போனைத் திருப்பினார். தானும் கொஞ்சம் திரும்பினார். "பாறையத் தொடாம வந்திருக்க. நம்ம எல்லை பாறையில தொட்டு ஓடையில எறங்கும்."

"பாறை நமக்கில்லப்பா, பால்பாண்டி சித்தப்பாவுது" என்றான் விஜயபாண்டி. "நம்மளுது ஸ்டோருக்கு அந்தப் பக்கம்."

"எந்த ஸ்டோரு?"

"ஏலக்கா ஒலத்துற ஸ்டோருப்பா. தகரம் போட்டது."

"தகரம் போட்டது எப்ப?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிரியா இரண்டு பேரையும் பார்த்தாள். அப்பா வருஷத்துக்கு ஒருதரம் ஜீப்பில் போவார். ரோட்டோரம் நின்று, இடுப்பில் கை வைத்து, "என் காடு" என்பார். டீ குடித்துவிட்டு இறங்கிவிடுவார். அண்ணன் அந்த டீக்குக்கூடப் போனதில்லை. கேள்வியைப் போட்டவருக்கே விடை தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் சொன்னதையும் ஓடிவிடுவது என்று போனாள். காலையில் அப்பாவின் எல்லை, மதியம் அண்ணனின் எல்லை. சரிவில் ஏலச்செடிகளுக்கு நடுவே தவழ்ந்து ஏறும்போது, ஆள் நின்றுவிட்டாள் என்று நினைத்து வாட்சு தானாகத் தூங்கியது. அதை எழுப்ப ஒவ்வொரு திருப்பத்திலும் நின்ற இடத்திலேயே ஐந்தாறு தரம் குதித்தாள். பக்கத்துக் காட்டுக்காரர் பால்பாண்டி, தன் ஸ்டோரைச் சுற்றி ஒரு பெண் ஓடுவதையும், நிற்பதையும், குதிப்பதையும், மணிக்கட்டைத் தட்டுவதையும் காப்பிச் செடிக்குப் பின்னால் நின்று முழுசாகப் பார்த்தார்.

அவள் வீடு திரும்புமுன் அவர் வீட்டில் இருந்தார்.

"அண்ணே, ஒனக்கும் எனக்கும் வரப்புச் சண்டை உண்டா?"

"இல்லியே பால்பாண்டி."

"பெறகு எதுக்கு ஓம் மகளுக்கு மிசினக் கட்டி என் காட்ட அளக்க விட்டுருக்க? மூலைக்கு மூலை குதிச்சு முத்திரை குத்திட்டுப் போறா! பாறையும் என்னுது, ஸ்டோரும் என்னுது, பலா மரமும் என்னுது. நாளைக்கே தாலுகா ஆபீசுல மனு குடுக்கப் போறேன்."

"சித்தப்பா, நான் சும்மா ஓடத்தான் செஞ்சேன்" என்றாள் பிரியா.

"சும்மா ஓடுறதுக்குக் கீழ ரோடு இல்லியா?"

மனு வந்தால் வம்பு. அதனால் புதன்கிழமை மறுபடி ஏறினாள். பால்பாண்டி கேட்டதையெல்லாம் வெளியே விட்டாள். பாறை போனது, ஸ்டோர் போனது, பலாவும் போனது. மிச்சத்தைச் சுற்றி ஓடி முடித்து வீட்டுக்கு வந்தபோது வரைபடத்தில் எலி கடித்த பனியன் மாதிரி ஒன்று இருந்தது.

அப்பா அதை நெடுநேரம் பார்த்தார்.

"நீ ஓட ஓடக் காடு கொறையுதேடி!"

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. முதல் நாள் படத்தை, பெருமைக்காக, விஜயபாண்டி பேசி வைத்த பெண்ணுக்கு அனுப்பியிருந்தான். 'நம்ம காடு' என்று எழுதி, மூன்று பச்சை மரமும் போட்டு. அந்தப் பெண், இன்றைக்கு என்ன படம் என்று கேட்டாள். அவன் யோசிக்காமல் பனியனையும் அனுப்பிவிட்டான். கால் மணி நேரத்தில் ராசிங்காபுரத்திலிருந்து பெண்ணின் அப்பா கூப்பிட்டார். போன் ஒலிபெருக்கியில் இருந்தது.

"மாப்ளே, திங்கக்கெழம யானை மாதிரி இருந்த காடு புதங்கெழம எலி மாதிரி இருக்கு. ஆவணி வரைக்கும் விட்டா மிஞ்சுமா? வெள்ளிக்கெழம பத்திரத்த முடிங்க. இல்லேன்னா எங்களுக்கு வேற எடம் இருக்கு."

பிரியாவுக்கு மூன்று மாசம் அவகாசம் இருந்தது. மூன்று நாள் ஓடி, அதை இரண்டு நாளாகக் குறைத்துவிட்டாள்.

அப்பாவும் அண்ணனும் பத்திரம் எழுதுகிறவரைப் பார்க்கக் கிளம்பிப் போனார்கள். அவசரத்தில் போனைப் பீரோவில் வைக்க மறந்துவிட்டார்கள். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மேசைப் பக்கம் வந்தாள். படத்தைக் குனிந்து பார்த்தாள். தொடவில்லை.

"பலாவுக்குக் கீழ ஓடியிருக்க."

"ஆமா."

"மேல ஓடணும்டி. பலா நம்மளுது. அதுல இருந்து ஏறுனா மூணு கல்லு நட்டிருக்கும். மூணாவது கல்லு தலையில ஒரு வெட்டு இருக்கும், அருவா வெட்டு. அங்கன திரும்பி ஓடையப் புடி. ஓடையில தண்ணி இல்லேன்னாலும் கூழாங்கல்லு இருக்கும், அது மேலயே வா. கல்யாண முருங்கை வரிசையா நிக்கும். அது முடியிற எடத்துல பாறை. பாறையில பாதி நமக்கு, பாதி அவுகளுக்கு."

பிரியா அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். இத்தனை வார்த்தையை அம்மா ஒரே மூச்சில் பேசி அவள் கேட்டதில்லை.

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

"சின்னப் பிள்ளையில வெறகு பொறுக்கப் போனது" என்றாள் அம்மா. "கத்தரிக்கா வதங்கிரும், போயிப் பாக்குறேன்."

வியாழக்கிழமை காலை போன் மறுபடி பீரோவுக்குள் போனது. மொக்கச்சாமி அண்ணன் காசு வாங்க மறுத்தார். "தெனம் ஏறுற, தெனம் மொகத்தத் தொங்கப் போட்டு எறங்குற. இன்னைக்காச்சும் சிரிச்சுட்டு வா பாப்பா."

பலாவுக்கு மேலே முதல் கல் இருந்தது. இரண்டாவதும் இருந்தது. மூன்றாவதை ஏலச்செடி மூடியிருந்தது. தண்டை விலக்கிப் பாசியைச் சுரண்டினாள். ஒரு விரல் நீளத்துக்கு வெட்டு. கூழாங்கல் இருந்தது. முருங்கை வரிசை இருந்தது. பாறைக்குக் குறுக்கே, வழுக்கி வழுக்கித் தேய்ந்தது மாதிரி ஒரு தடம் இருந்தது. அவள் குதிக்க வேண்டியிருக்கவில்லை. தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றபோது, முடிந்ததா என்று வாட்சு கேட்டது. முடிந்தது என்று அமுக்கினாள். பால்பாண்டி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை சத்தம் போடவில்லை. தலையிலிருந்த துண்டை மட்டும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

வரைபடத்தில் கோடு பிசிறில்லாமல் மூடியிருந்தது. அப்பாவுக்கு முன்னால் வைத்தாள்.

"இதுதான் எல்லை. என் பங்க எழுது."

"இது வாட்சு வரைஞ்சது. செல்லாது."

"போனுதான கூடாதுன்ன? போனு பீரோவுலதான இருந்துச்சு?"

"வெளையாட்டுக்குச் சொன்னதப் புடிச்சுக்கிட்டுத் தொங்காதடி. அது சரியான எல்லைன்னு யாரு கண்டா?"

"தப்புன்னா எங்க தப்புன்னு காட்டு."

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். காட்ட முடியாத கோபத்தில் கத்தினார். நாளைக்குப் பத்து மணிக்குப் பத்திர ஆபீஸ், நீ சாட்சிக் கையெழுத்துப் போட வருகிறாய், பிற்பாடு கேஸ் கீஸ் என்று நிற்கக் கூடாது பார், அதற்குத்தான் என்றார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

வெள்ளிக்கிழமை பத்திரப்பதிவு ஆபீஸ் வராந்தாவில் உட்கார இடமில்லை. அப்பா புதுவேட்டி கட்டியிருந்தார். பத்திரம் அவர் அக்குளில் மஞ்சள் பைக்குள் இருந்தது.

"படிச்சுப் பாக்கக் குடு" என்றாள் பிரியா.

"உள்ள போயி ஐயா முன்னாடி படிச்சுக்க." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, "இந்தா, ஆதாரு கார்ட எடுத்துக்கிட்டியா?" என்றார்.

அம்மா தலையாட்டினாள்.

"அம்மா எதுக்கு? அவளையும் சாட்சிக்கா இழுத்தாந்த?"

"வீட்டுப் பொம்பள கூட நின்னா நல்லதுடி. எல்லாத்துக்கும் கேள்வி."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடாட்டிப் போ. சாட்சிக்கா ஊருல ஆளில்ல?" வாசலில் நின்ற மொக்கச்சாமி அண்ணனைக் கைதட்டிக் கூப்பிட்டார். அவர் பிரியாவின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். விஜயபாண்டி தங்கச்சியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு பின்னால் போனான்.

பெஞ்சில் அம்மாவும் மகளும் மிஞ்சினார்கள். அம்மா கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற அரக்குச் சேலையில் இருந்தாள். மடியில் இரண்டு கையும் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன.

"தோத்துட்டேம்மா" என்றாள் பிரியா.

"மூணாவது கல்லுல அந்த வெட்டு இருக்கா?"

"இருக்கு. பாசி ஏறிக் கெடக்கு."

"ஏறத்தான் செய்யும்." அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கேக்காதன்னு ஒனக்குச் சொன்னேன்ல. கெடைக்காதுன்னு சொல்லலடி. கேட்டா வீட்டுல வெளிச்சம் போயிரும்னு எனக்குச் சொல்லி வச்சிருந்தாக. நீ கேட்டுட்ட. அஞ்சு நாளாச்சு. வெளக்கு எரியத்தான செய்யுது."

பிரியா பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வாட்ச இங்க கொண்டா, பாப்போம்" என்றாள் அம்மா.

கழற்றிக் கட்டிவிட்டாள். வளையலுக்கு மேலே அது கறுப்பாக, பெரிதாக, பொருந்தாமல் இருந்தது. இரண்டு பேருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது.

"எத அமுக்கணும்?"

"பச்சைய."

"போனு வேணாமா?"

"வேணாம்மா. நீ போற எடமெல்லாம் அது வச்சுக்கிரும். திரும்பி வந்தாத்தான் நமக்குத் தெரியும்."

"நடந்தாலும் எழுதிக்கிருமா, ஓடணுமா?"

"நடந்தாலும் எழுதும்."

"குரங்கணி எம்புட்டு தூரம் காட்டுச்சு?"

"பதினாறு கிலோமீட்டர்."

அம்மா பொத்தானை அமுக்கினாள். வாட்சு கீச்சென்றது. "ஒக்காந்து ஒக்காந்து காலு மரத்துப் போச்சு ஆத்தா. செத்த நடந்துட்டு வர்றேன்" என்று எழுந்து, சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டாள். கூட்டத்தை விலக்கிப் படியிறங்கி, கேட்டைத் தாண்டினாள். வேகமாக நடக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. டீக்கடை கிழக்கே இருந்தது. அம்மா மேற்கே, குரங்கணி ரோட்டுப் பக்கம் திரும்பினாள்.

கொஞ்ச நேரத்தில் பிரியாவின் மடியிலிருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். 'வாட்சு தொடர்பில் இல்லை' என்றிருந்தது.

உள்ளே அப்பாவின் குரல் உயர்ந்தது. நாற்காலி தள்ளும் சத்தம் கேட்டது. பத்திரம் எழுதுகிறவரின் கையாள், காதில் பேனாவோடு வராந்தாவுக்கு ஓடிவந்து, பெஞ்சில் காலியாக இருந்த இடத்தையும் பிரியாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எழுதி வாங்குற மகன் நிக்கிறாரு, சாட்சி நிக்கிறாக, தன் அய்யா தன் பேருக்கு எழுதி வச்ச காட்ட மகனுக்கு எழுதிக் குடுக்க வேண்டிய மகாராணியம்மா எங்கம்மா போனாக? பட்டாவுல அவுக பேரு மட்டுந்தான இருக்கு!"